எண்ணெய்ப் போத்தல் காலியான பிறகு எங்கே போகிறது? – பேக்கேஜிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டர்வொர்த்தில் ஒரு சிறு பட்டறை வைத்துக் கூந்தல் எண்ணெய், சோப்பு, நலங்கு மாவு, உதட்டுக்குப் பூசும் பாம் ஆகியவற்றைச் செய்கிறோம். தீபாவளிக்கு முன்பு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கடை போடும்போதும் சரி, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கம் நிற்கும்போதும் சரி, எண்ணெயைப் பற்றிக் கேட்பதைவிடப் போத்தலைப் பற்றித்தான் இப்போது அதிகம் கேட்கிறார்கள். கேட்பவர்களில் வாங்குபவர்களும் உண்டு, எங்களைப் போலச் சிறிய அளவில் செய்து விற்பவர்களும் உண்டு. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எங்கள் அனுபவத்திலிருந்து பதில் எழுதியிருக்கிறேன்.

சுற்றுச்சூழலுக்கு எந்தப் பேக்கேஜிங் நல்லது? ஒன்றைச் சொன்னால் அதையே வாங்கிவிடுவேன்.

ஒன்றைச் சொல்ல முடிந்தால் முதல் வரியிலேயே சொல்லியிருப்பேன். எந்தப் பொருளில் செய்தது என்பதைவிட, காலியான பிறகு அது யார் கைக்குப் போகிறது என்பதுதான் முக்கியம். உங்கள் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வரும், பழைய பொருள் வாங்கும் பேப்பர் லாமா லோரிக்காரரிடம் ஒருநாள் நின்று பேசிப் பாருங்கள். நான் எங்கள் வீட்டுக் குளியலறையில் காலியானவற்றை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டினேன். அட்டைப்பெட்டி, அலுமினிய டின், வெள்ளை ஷாம்பூ போத்தல் மூன்றையும் வாங்கிக்கொண்டார். பம்ப், பற்பசை டியூப், சாஷே பாக்கெட், கண்ணாடிக் குப்பி எல்லாம் பைக்குள்ளேயே திரும்பி வந்தன. அவர் கொடுத்த அந்தப் பதிலை வைத்துத்தான் எங்கள் பேக்கேஜிங் முழுவதையும் மாற்றினோம்.

விற்பனையாளரின் பட்டியலில் 'மறுசுழற்சி செய்யலாம்' என்று இருந்தால், உலகில் எங்கோ ஓரிடத்தில் செய்ய முடியும் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த நாட்டுக்குள்ளேயே ஏற்பாடு ஒன்றுபோல் இல்லை. கோலாலம்பூர் 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அங்கே 2015 செப்டம்பரிலிருந்து வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைக்க வேண்டும். பினாங்கு அந்தச் சட்டத்தில் சேரவில்லை. 2016-இல் மாநிலமே சொந்தமாகப் பிரிப்புத் திட்டம் கொண்டுவந்தது. அதனால் உங்கள் பொருள் எந்த ஊரில் அதிகம் விற்கிறதோ, அந்த ஊர்க் குப்பை எப்படிப் போகிறது என்று முதலில் விசாரியுங்கள்.

பிளாஸ்டிக்கை விட்டுவிட்டுக் கண்ணாடிக்கு மாறிவிடலாமா?

நாங்கள் ஒரு தீபாவளிக்கு அப்படித்தான் மாறினோம். பார்க்க அழகாக இருந்தது. எண்ணெயும் கெடவில்லை. பழுப்புக் கண்ணாடி புற ஊதாக் கதிரைத் தடுக்கும். எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. ஆனால் அதே அளவு பிளாஸ்டிக் போத்தலைவிடக் கண்ணாடி பல மடங்கு கனம். கண்ணாடியை உருக்கும் உலை ஏறத்தாழ 1500 டிகிரி வெப்பத்தில் எரிய வேண்டும். அந்தக் கனத்தைக் கோலாலம்பூருக்கு 350 கிலோமீட்டர் லோரியில் அனுப்பி, வழியில் உடையாமல் இருக்கச் சுற்றிலும் குமிழி பிளாஸ்டிக்கைச் சுற்றி, கடைசியில் வாங்கியவர் அதைக் குப்பையில் போட்டால் நாம் எதையும் காப்பாற்றவில்லை.

கண்ணாடிக்கு நியாயம் கிடைப்பது அது திரும்பி வரும்போதுதான். இப்போது பினாங்கில் கையோடு விற்பதற்கு மட்டும் கண்ணாடி. ஒரு போத்தலுக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) முன்பணம் வாங்குகிறோம். காலிப் போத்தலைத் திருப்பித் தந்தால் அந்த 2 வெள்ளியும் திரும்பக் கிடைக்கும். வெளியூருக்கு அனுப்புவதெல்லாம் 2-ஆம் எண் பிளாஸ்டிக்கில் போகிறது; இந்த எண் என்ன என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண் என்ன சொல்கிறது?

எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும்தான். மறுசுழற்சி ஆகும் என்ற உத்தரவாதம் அது இல்லை. குளியலறைப் பொருள்களில் அதிகம் பார்ப்பது மூன்று. தெளிவாகப் பளபளக்கும் போத்தல் 1, அதாவது பி.இ.டி. பால் வெள்ளையாக, அமுக்கினால் சற்று வளைவது 2, எச்.டி.பி.இ. மூடிகள் பெரும்பாலும் 5, பி.பி.

இந்த எண்களுக்குப் பின்னால் ஓர் எளிய காரியம் இருக்கிறது. ஆலையில் பிளாஸ்டிக்கைத் துண்டு துண்டாக வெட்டித் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். 2-உம் 5-உம் தண்ணீரைவிட லேசானவை, மிதக்கும். 1 கனமானது, மூழ்கும். அதனால் 1-ஆம் எண் போத்தலுக்கு 5-ஆம் எண் மூடி இருந்தால் தொட்டியே இரண்டையும் பிரித்துவிடும். வம்பு வருவது 3-ஆம் எண்ணால், அதாவது பி.வி.சி.யால். அதுவும் மூழ்கும், பார்வைக்கும் 1 போலவே இருக்கும். உருக்கும்போது அமிலம் விடும். கொஞ்சம் கலந்தாலே ஒரு தொகுதி முழுவதும் மஞ்சளாகிக் கெட்டுப்போகும். போத்தலைச் சுற்றிச் சுருங்கி ஒட்டும் பளபளப்பான உறை சில நேரம் இந்த 3-இல்தான் வருகிறது. வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

ஷாம்பூவுக்குப் பம்ப் இல்லாமல் முடியாதா?

முடியும். பம்பைப் பிரித்துப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே ஒரு கம்பிச் சுருள், ஒரு சிறு உருண்டை, உறிஞ்சு குழாய், இரண்டு மூன்று வகைப் பிளாஸ்டிக். இதைக் கையால் பிரித்து விற்க எவருக்கும் நேரமில்லை. முழுக்கப் பிளாஸ்டிக்கால் ஆன பம்ப் இப்போது கிடைக்கிறது, விலை கூடுதல். எண்ணெய்க்குச் சிறு துளை வைத்த சாதாரண மூடியே போதும் என்று நாங்கள் பம்பை விட்டுவிட்டோம். பம்ப் வேண்டும் என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒன்றைத் தனியாகத் தருகிறோம். கை நடுங்குபவர்கள் மூடியைத் திருகக் கஷ்டப்படுவார்கள். அவர்களிடம் ஒரு பம்ப் நான்கைந்து போத்தலுக்குக் கூட வருகிறது.

மூங்கில் மூடி, காகிதக் குழாய் எல்லாம் இயற்கையானவைதானே?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது எனக்கு இன்னும் மனசு வலிக்கும். முன்னூறு மூங்கில் மூடி வரவழைத்தோம். கையில் வாங்கியபோது அவ்வளவு சந்தோஷம். ஒன்றை உடைத்துப் பார்த்தபோதுதான் உள்ளே பிளாஸ்டிக் மூடி ஒன்று பசை போட்டு ஒட்டியிருப்பது தெரிந்தது. திருகும் புரி மூங்கிலில் சரியாக நிற்காது என்பதால் அப்படிச் செய்கிறார்கள். இரண்டும் பிரியாது. மூங்கிலாக மக்கவும் மக்காது, பிளாஸ்டிக்காக விற்கவும் முடியாது. அதற்கு மேல், பினாங்கின் ஈரக் காற்றில் குளியலறையில் வைத்த மூடிகளில் பூஞ்சை பிடித்துவிட்டது. வாங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்டு மாற்றிக் கொடுத்தோம்.

காகிதக் குழாயைப் பாம் போன்ற கெட்டியான பொருளுக்குப் பயன்படுத்தலாம். உள்ளே எண்ணெய் புகாத காகித உறை இருக்க வேண்டும். சோதிக்க ஒரு வழி: நிரப்பிய குழாயை மதிய வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு வாரம் வையுங்கள். வெளிப்பக்கத்தில் எண்ணெய்க் கறை தெரிந்தால் அந்தக் குழாய் வேண்டாம். எங்களுடைய முதல் வகை மூன்றாம் நாளே கறை காட்டியது.

மக்கும் பிளாஸ்டிக் என்று விற்கிறார்களே, அது?

இரண்டு வகை உண்டு. ஒன்று, சோளம் போன்றவற்றிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. அது மக்கும் என்பது உண்மை; ஆனால் 58, 60 டிகிரி சூட்டை வாரக்கணக்கில் பிடித்து வைக்கும், குப்பையை உரமாக்கும் பெரிய ஆலையில்தான் மக்கும். உங்கள் தோட்டத்துக் குழியில் அந்தச் சூடு வராது. பினாங்குக் குப்பை போய்ச் சேரும் நிபோங் திபால் பக்கத்துப் புலாவ் புரோங் நிலத்திலும் அதற்கான நிலைமை கிடையாது. 1-ஆம் எண் போத்தல்களோடு தவறிக் கலந்தால் அவற்றையும் கெடுக்கும். இன்னொன்று, சாதாரணப் பிளாஸ்டிக்கில் ஏதோ ஒன்றைக் கலந்து சீக்கிரம் உடையும்படி செய்த 'ஆக்ஸோ' வகை. அது மக்குவதில்லை, தூள் தூளாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இலேயே அதைத் தடை செய்துவிட்டது. நான் இரண்டையும் வாங்குவதில்லை.

வெளிநாட்டுக் குப்பையே நம் ஊருக்கு வந்து குவிகிறது. நான் ஒரு போத்தலைத் திருத்தி என்ன ஆகப்போகிறது?

இந்தக் கேள்வியில் இருக்கும் கோபம் எனக்குப் புரிகிறது. 2018-இல் சீனா பிளாஸ்டிக் குப்பை வாங்குவதை நிறுத்தியதும் அது மலேசியா பக்கம் திரும்பியது. சிலாங்கூரில் ஜெஞ்சாரோம், எங்களுக்குப் பக்கத்தில் கெடாவின் சுங்கைப் பட்டாணி என்று ஊர் ஊராக உரிமம் இல்லாத ஆலைகள் முளைத்தன. இரவில் எரித்த புகையில் மக்கள் தூங்க முடியாமல் தவித்தார்கள். அரசாங்கம் பிறகு திருப்பி அனுப்பத் தொடங்கியது. 2020 ஜனவரி வரை 150 கொள்கலன்கள் 13 நாடுகளுக்குத் திரும்பிப் போயின.

அந்த ஆலைகள் எதை எரித்தன என்று யோசித்துப் பாருங்கள். விற்கக்கூடிய, ஒரே வகையான, சுத்தமான பிளாஸ்டிக்கை எவரும் எரிப்பதில்லை; அது காசு. எரிந்ததெல்லாம் பல அடுக்கு உறை, அழுக்குக் கலவை, பிரிக்க முடியாத மிச்சம். சுங்கைப் பட்டாணியில் எரிந்தது வேறு நாட்டில் எவரோ ஒருவர் வடிவமைத்த பாக்கெட். நாம் இங்கே வடிவமைக்கும் பாக்கெட்டும் பிரிக்க முடியாததாக இருந்தால், அதுவும் ஏதோ ஓர் ஊரில் ஒரு குழந்தை மூச்சு விடும் காற்றில்தான் போய்ச் சேரும். அதனால்தான் ஒரு மூடியை மாற்றுவதற்குக்கூட ஆறு மாதம் செலவழிக்கிறேன்.

கல்யாண விருந்தினர்களுக்குத் தர எண்ணெயைச் சாஷேயில் போட்டுத் தர முடியுமா?

மன்னியுங்கள், அதை நாங்கள் செய்வதில்லை. சாஷேயைக் குறை சொல்லும் எண்ணமும் எனக்கில்லை. கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன்தான் இந்தியாவில் ஷாம்பூவைச் சிறு பொட்டலமாக்கிய முன்னோடி. அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய 'சிக்' ஷாம்பூவைச் சாஷேதான் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனது. பெரிய போத்தல் வாங்கப் பணமில்லாத வீட்டுப் பெண்களும் தலைக்கு ஷாம்பூ போட முடிந்தது. அது பெரிய காரியம்.

ஆனால் அந்தச் சிறு பாக்கெட்டில் பிளாஸ்டிக், அலுமினியம், மறுபடி பிளாஸ்டிக் என்று அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். பிரிக்கவே முடியாது. கனமும் இல்லாததால் பொறுக்குபவருக்கு அதைக் குனிந்து எடுக்கக் கூலிகூடக் கட்டுப்படியாகாது. மழைக்குக் கால்வாய் வழியாகக் கடலுக்குப் போய்விடும். கல்யாணத்துக்கு வேறு யோசனை இருக்கிறது: விரல் அளவு சோப்புத் துண்டு, அல்லது இரண்டு தேக்கரண்டி நலங்கு மாவு, காகிதத்தில் மடித்து நூல் கட்டித் தாம்பூலப் பையில் போடலாம். போன வருடம் பக்கத்து ஊரான பிறையில் ஒரு கல்யாணத்துக்கு நானூறு பொட்டலம் மடித்தோம். மணப்பெண்ணின் பாட்டி பார்த்துவிட்டு, மளிகைக் கடையில் இப்படித்தான் சீயக்காய் மடித்துக் கொடுப்பார்கள் என்று சொல்லி ஒன்றைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

தண்ணீர் இல்லாத ஷாம்பூ என்றால் என்ன?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. போத்தல் ஷாம்பூவில் பெரும்பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரைத் தாங்கத்தான் போத்தல், அந்தத் தண்ணீரில் கிருமி வளராமல் இருக்கத்தான் பதப்படுத்தும் மருந்து, அந்தத் தண்ணீரைச் சுமக்கத்தான் லோரி. தண்ணீர் ஏற்கெனவே எல்லோர் வீட்டுக் குழாயிலும் வருகிறது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு கட்டி அல்லது ஒரு பொடி. காகிதத்தில் கட்டிவிடலாம்.

நம் வீடுகளில் இது புதிதே இல்லை. சீயக்காய், பாசிப்பயறு, வெந்தயம், பூலாங்கிழங்கு எல்லாம் பொடியாகத்தான் வந்தன. ஈரம் மட்டும் படக்கூடாது. இங்கே காற்றிலேயே ஈரம் அதிகம். சாதாரணக் காகிதப் பையில் வைத்த மாவு மழைக்காலத்தில் கட்டி தட்டி, வண்டு விழுந்துவிடும். அதனால் நலங்கு மாவை இறுக்கமான மூடி போட்ட அலுமினிய டின்னில் ஒருமுறை தருகிறோம். அடுத்த முறையிலிருந்து மெழுகு தடவிய காகிதப் பையில் மாவு மட்டும். டின் வீட்டிலேயே இருக்கும். என்றாவது வேண்டாம் என்றால் டின்னை எவரும் மறுக்க மாட்டார்கள். தாதுவிலிருந்து அலுமினியம் எடுப்பதைவிடப் பழைய அலுமினியத்தை உருக்க ஏறத்தாழ 95 சதவீதம் குறைவான மின்சாரமும் எரிபொருளும் போதும்.

கட்டி ஷாம்பூவுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: தண்ணீர் வடியும் தட்டில் வையுங்கள். தேங்கிய தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் கரைந்து போகும், பிறகு எங்களைத் திட்டுவீர்கள்.

பழைய போத்தலைக் கொண்டுவந்தால் நிரப்பித் தருவீர்களா?

எண்ணெய்க்கு மட்டும், அதுவும் நாங்கள் கழுவிக் காயவைத்த கண்ணாடியில். உங்கள் காலிப் போத்தலை வாங்கிக்கொண்டு வேறொரு நிரப்பிய போத்தலைத் தருவோம். வீட்டில் கழுவிய போத்தலின் கழுத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றாலும் எண்ணெய் கெடும். தண்ணீர் கலந்த ஷாம்பூ, லோஷன் வகைகளில் ஆபத்து இன்னும் அதிகம். குளியலறை ஈரத்தில் வளரும் பாக்டீரியா ஒரு போத்தலிலிருந்து அடுத்ததற்குப் பரவும். குழந்தைக்குப் பூசுகிற பொருளில் நான் அந்தத் துணிச்சலை எடுக்க மாட்டேன்.

இன்னொரு விஷயம், விற்பவர்களுக்கு. மீண்டும் நிரப்பும்போது தொகுதி எண் மாறுகிறது, தேதி மாறுகிறது. பழைய லேபிளோடு கொடுக்கக் கூடாது. நனைத்தால் கழன்று வரும் பசை போட்ட காகித லேபிள்தான் இதற்குச் சரி.

பிளாஸ்டிக் போத்தலுக்கு லேபிள் எது?

போத்தல் எந்தப் பிளாஸ்டிக்கோ லேபிளும் அதே குடும்பம். 2-ஆம் எண் போத்தலில் காகித லேபிள் ஒட்டினால் உருக்கும்போது நார் கலந்து கரும்புள்ளியாக நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கிலும் காகிதம் கசங்கி எழுத்து அழிந்துவிடும். போத்தலின் நிறம் வெள்ளை அல்லது நிறமில்லாதது. கறுப்பு அழகுதான், ஆனால் கரித்தூள் சேர்த்த கறுப்பைப் பிரிக்கும் இயந்திரத்தின் கதிர் பார்க்காது, கறுப்பை மறுபடி வேறு நிறமாக்கவும் முடியாது.

லேபிளைச் சின்னதாக்கிவிடலாமா?

எழுத்தைக் குறைக்க முடியாது. இந்த நாட்டில் அழகுசாதனப் பொருளை விற்கும் முன் என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையிடம் அறிவிக்க வேண்டும். பொருளின் பெயர், பயன், பயன்படுத்தும் முறை, சேர்மானங்கள், எந்த நாட்டில் செய்தது, எடை, தொகுதி எண், தேதி, நிறுவனத்தின் முகவரி எல்லாம் இருந்தாக வேண்டும். வெளி அட்டைப்பெட்டியை விட்டுவிட்டு இவற்றைப் போத்தலிலேயே அடக்க நாங்கள் நான்கு வடிவம் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் செய்த போத்தல் ஏன் மங்கலாக இருக்கிறது?

பல நிறப் பிளாஸ்டிக் கலந்து வருவதால் சாம்பல் சாயல் வரும். பழைய ஷாம்பூவின் வாசனைகூட லேசாக இருக்கலாம். அதனால் எங்கள் மல்லிகை எண்ணெயை அதில் ஊற்றுவதில்லை, வேப்பெண்ணெய்ச் சோப்புத் திரவத்தை ஊற்றுகிறோம். ஒருமுறை எண்ணெய் ஆறும் முன்பே மெல்லிய போத்தலில் ஊற்றி மூடி, பக்கமெல்லாம் குழிந்துபோனது. அது போத்தலின் குற்றமில்லை, எங்கள் அவசரம்.

இதற்கெல்லாம் செலவு கூடாதா?

முதலில் கூடும். அட்டைப்பெட்டி, பம்ப், பளபளப்பு உறை மூன்றையும் நிறுத்தியதில் மிச்சமானது நல்ல மூடிக்கும் லேபிளுக்கும் போனது. விலையை ஏற்றவில்லை. ஆயிரம் போத்தலுக்குக் குறைந்து தரமாட்டேன் என்று விற்பனையாளர் சொன்னால், இன்னும் இரண்டு பேரைச் சேர்த்து ஒரே வடிவத்தை வாங்குங்கள். பினாங்கில் நாங்கள் மூன்று பேர் அப்படி வாங்குகிறோம். லேபிள் மட்டும்தான் வேறு.

நான் வாங்குபவர் மட்டும்தான். காலிப் போத்தலை என்ன செய்வது?

கழுவி, மூடியைக் கழற்றி, நிழலில் காயவையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு கரண்டி கடலை மாவும் சுடுதண்ணீரும் போட்டுக் குலுக்கினால் போகும். கோலாலம்பூரில் பொதுத் தொட்டி என்றால் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஆரஞ்சில், கண்ணாடி பழுப்பில், காகிதம் நீலத்தில். பினாங்கில் சூ சி என்னும் பௌத்தத் தொண்டு அமைப்பின் மறுசுழற்சி நிலையங்களுக்குக் கொண்டுபோகலாம். அங்கே தொண்டர்கள் உட்கார்ந்து கையாலேயே ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். அந்தக் கைகளுக்காகவாவது போத்தலைக் கழுவிக் கொடுங்கள். எங்கள் கண்ணாடிப் போத்தல் என்றால் மூடியோடு கடைக்கே கொண்டுவாருங்கள், 2 வெள்ளி காத்திருக்கிறது.